மேடைக்குப் பின்னால் எந்த மொழி?

மொழியையும் பண்பாட்டையும் காக்க வேண்டும் என்று நாம் பேசாத நாளில்லை. பேச்சுப் போட்டியில் பேசுகிறோம்; ஆண்டிதழில் எழுதுகிறோம்; கலை இரவில் ஆடிப் பாடிக் காட்டுகிறோம். ஆனால், கலை இரவு முடிந்த மறுநாள் நாம் என்ன செய்கிறோம்? இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியவர் தமிழாசிரியரோ கழகத்தின் மூத்த உறுப்பினரோ அல்லர். கிளந்தானைச் சேர்ந்த என் மலாய்த் தோழி. கேட்ட இடமும் நம் பல்கலைக்கழக வளாகம் அன்று. அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில், புவெப்ளோ மக்களின் பண்பாட்டு மையத்தில் வைத்துக் கேட்டாள்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழி ஒரு பருவம் அங்கே படிக்கும் வாய்ப்பு எங்கள் இருவருக்கும் கிடைத்தது. அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பாட நூல்களை மூடி வைத்துவிட்டுப் பேருந்து ஏறினோம். கடைவீதி எங்கும் பச்சை மிளகாயை இரும்புக் கூண்டில் போட்டு நெருப்பில் வாட்டும் நெடி. வீட்டு நினைவு வந்து கண் கலங்கியதா, மிளகாய்க் காரத்தால் கலங்கியதா என்று சொல்லத் தெரியவில்லை.

புவெப்ளோ என்பது ஸ்பானிய மொழியில் ஊர் என்று பொருள்படும் சொல். மண்ணாலும் கல்லாலும் அடுக்கடுக்காக வீடு கட்டி, சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்த இம்மண்ணின் பூர்வ குடிகளுக்கு ஸ்பானியர் இட்ட பொதுப்பெயர் அது. இன்று நியூ மெக்சிகோவில் 19 புவெப்ளோக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கென ஆட்சிக் குழுவைக் கொண்ட தனிச் சமூகம். அவர்கள் பேசும் மொழிகளும் ஒன்றல்ல. கெரஸ், தேவா, தீவா, தோவா, சூனி என ஐந்து. இவற்றுள் கெரசும் சூனியும் வேறு எம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழிகள். தோவாவைப் பேசுவது ஹேமெஸ் என்னும் ஒரே ஊர்.

நாங்கள் சென்ற பண்பாட்டு மையம் இந்த 19 சமூகங்களுக்கும் சொந்தமானது. 1976-இல் திறக்கப்பட்டது. அரசாங்கமோ பிற இனத்து அறிஞர்களோ அமைத்து, 'இவர்கள் இப்படி வாழ்ந்தார்கள்' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த காட்சிக்கூடமாக அது எனக்குத் தோன்றவில்லை. 2016-இல் புதுப்பிக்கப்பட்ட நிலையான கண்காட்சியின் தலைப்பே, நாங்கள் இந்த இடத்தைச் சேர்ந்தவர்கள் என்று பொருள்படுகிறது. தன்மைப் பன்மையில் பேசும் அருங்காட்சியகத்தை நான் கண்டது அதுவே முதல்முறை.

அதே வட்டாரத்து நிலத்தில்தான் ஒரு காலத்தில் ஆல்புகெர்க்கி இந்தியப் பள்ளி இருந்தது. 1881-இல் தொடங்கிய உறைவிடப் பள்ளி அது. பூர்வ குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்து, ஆங்கிலம் மட்டுமே பேசும் அமெரிக்கர்களாக மாற்றுவதே அக்காலத்து உறைவிடப் பள்ளிகளின் நோக்கமாக இருந்தது. மொழியை அழிக்க எழுப்பிய பள்ளி 1980-களில் மூடப்பட்டது. அந்த நிலம் இப்போது புவெப்ளோக்களின் கையில் இருக்கிறது. வரலாறு சில வேளைகளில் நீதி செய்கிறது.

கண்காட்சியில் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு முடிச்சுக் கயிற்றின் கதை. 1675-இல் ஸ்பானிய ஆளுநர், மாந்திரீகம் செய்தார்கள் என்று பழிசுமத்தி 47 சமயத் தலைவர்களைப் பிடித்தார். சிலர் தூக்கிலிடப்பட்டனர், மற்றவர்கள் கசையடி பட்டனர். அடிபட்டவர்களுள் ஒருவர் போபே. இன்று ஓகே ஓவிங்கே எனத் தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டுள்ள ஊரைச் சேர்ந்தவர். அவர் வெவ்வேறு மொழி பேசிய ஊர்களை ஒன்றிணைத்தார். எப்படி? முடிச்சிட்ட கயிறுகளை ஓட்டக்காரர்களிடம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். நாளுக்கு ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். கடைசி முடிச்சு அவிழும் நாளில் எல்லா ஊர்களும் ஒருசேர எழ வேண்டும். தூதர் இருவர் பிடிபட்டதால் நாள் முந்தியது. 1680 ஆகஸ்ட் 10-இல் கிளர்ச்சி வெடித்தது. ஸ்பானியர் விரட்டப்பட்டனர், 1692 வரை, ஏறத்தாழ 12 ஆண்டுகள், அவர்களால் திரும்ப முடியவில்லை. போபேயின் சிலை 2005 முதல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கிறது. அதைச் செதுக்கியவர் ஹேமெஸ் புவெப்ளோவைச் சேர்ந்த கிளிஃப் ஃப்ராகுவா.

ஐந்து மொழி பேசியவர்கள் ஒரு கயிற்றால் ஒன்றுபட்டார்கள். ஒரே மொழி பேசும் நாம் ஒரு வாட்சாப் குழுவில் ஒன்றுபட முடியாமல் தவிக்கிறோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை.

அடுத்து மட்கலங்களைப் பார்த்தோம். சான் இல்டிஃபோன்சோ ஊரின் கருப்புக் கலங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. அவற்றை உலகறியச் செய்தவர் மரியா மார்டினெஸ். அகழாய்வில் கிடைத்த பழங்கால ஓடுகளைக் காட்டி, இப்படி ஒரு கலம் செய்ய முடியுமா என்று ஓர் ஆய்வாளர் கேட்டதிலிருந்து அவரது தேடல் வளர்ந்தது. சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கயிறுபோல் திரித்து, வளையம் வளையமாக அடுக்கிக் கையாலேயே எழுப்ப வேண்டும். பிறகு வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். சுடும்போது பொடித்த சாணத்தைக் கொட்டி நெருப்பை மூடினால் காற்று புகாமல் புகை சூழும். சிவக்க வேண்டிய மண் கருப்பாகும். 1919-ஐ ஒட்டிய காலத்தில் மரியாவும் அவர் கணவர் ஜூலியனும் மெருகிட்ட கருப்பின்மேல் மங்கிய கருப்பால் ஓவியம் தீட்டும் முறையைக் கண்டடைந்தனர். மரியா அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஊராருக்குக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொடர்ந்தனர். 1980-இல் அவர் மறைந்த பிறகும் அந்தக் கைத்தொழில் மறையவில்லை.

நண்பகலில் முற்றத்தில் நடனம் நடந்தது. முரசு முழங்க, சிறுவர்களும் பெரியவர்களும் காலில் சலங்கையோடு ஆடினார்கள். வார இறுதிகளில் வருகையாளர்களுக்காக ஆடும் நடனங்கள் இவை. ஊர்த் திருநாளில் ஆடும் நடனம் வேறு. அது வழிபாடு. அங்கே கைதட்டக்கூடாது. பெரும்பாலான ஊர்களில் படமெடுக்கவோ, ஒலிப்பதிவு செய்யவோ, கோட்டோவியம் வரையவோ கூடாது. கீவா எனப்படும் வழிபாட்டு அறைக்குள் வெளியார் நுழையவே முடியாது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். மேடையில் காட்டுவது கொஞ்சம். வீட்டில் வைத்திருப்பது மிகுதி.

நீலச் சோளக் கஞ்சியும் மண் அடுப்பில் சுட்ட ரொட்டியும் வாங்கிக்கொண்டு அமர்ந்தோம். அப்போதுதான் என் தோழி அந்தப் பேச்சை எடுத்தாள். நாங்கள் எப்போதும்போல் மலாயில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"உங்கள் கலை இரவுக்கு நான் இரண்டு முறை வந்திருக்கிறேன். சேலையும் கோலமும் நாட்டியமும் அவ்வளவு அழகு. ஆனால் ஒன்று கேட்கட்டுமா? மேடைக்குப் பின்னால் நீங்கள் எல்லாரும் மலாயும் ஆங்கிலமும்தானே பேசிக்கொண்டிருந்தீர்கள்? எனக்கு எல்லாமே புரிந்தது. அது எனக்கு வியப்பாக இருந்தது."

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே வியந்துதான் சொன்னாள். அதனால்தான் அதிகம் வலித்தது. அந்த இரு நிகழ்ச்சிகளில் ஒன்றுக்கு நான்தான் அறிவிப்பாளர். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு 'உயிரினும் மேலான தமிழ்' என்று முழங்கிவிட்டு, திரைக்குப் பின்னால் வந்ததும் "செப்பாட் சிக்கிட், ப்ரோப்ஸ் மானா?" என்று கத்தியவள் நான். அந்தச் சொற்கள் என் காதில் மீண்டும் ஒலித்தன.

சிறிது நேரம் கழித்து அவள் மெல்லக் கேட்டாள், "உன் தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

தெரியாது. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தவள். ஆறாம் ஆண்டு முடிந்த கையோடு எங்கள் குடும்பம் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தது. நான் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். சனிக்கிழமை வகுப்புக்குப் போய் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்தேன். என்னைவிட ஒன்பது வயது இளையவனான தம்பியை வீட்டுக்கு அருகிலிருந்த தேசியப் பள்ளியில் சேர்த்தார்கள். பள்ளியையோ பெற்றோரையோ நான் குறை சொல்லவில்லை. அந்த ஒன்பது ஆண்டுகளும் அவனோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். அவன் மலாயில் கேட்டான். நான் மலாயில் பதில் சொன்னேன். அதுதான் எளிதாக இருந்தது. எழுத்துக்கூட்டி ஓர் எழுத்துகூட நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நேரத்தில் நான் கவிதைப் போட்டிக்கும் பட்டிமன்றத்திற்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தேன்!

திரும்பும் வழியில் விற்பனைக் கூடத்திற்குள் நுழைந்தோம். அங்கே வரிசையாகச் சின்னஞ்சிறு மண் பொம்மைகள். முதியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கண்கள் மூடியிருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது, மடியிலும் தோளிலும் முதுகிலும் குழந்தைகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கதைசொல்லி பொம்மை என்று பெயர். கோச்சிட்டி புவெப்ளோவைச் சேர்ந்த ஹெலன் கொர்டேரோ என்னும் பெண்மணி, கதை சொல்லும் தம் தாத்தாவை நினைவில் கொண்டு 1964-இல் முதன்முதலாக இதனைச் செய்தார். இன்று பல ஊர்க் கலைஞர்களும் செய்கிறார்கள்.

அந்தப் பொம்மையின் ஊரைப் பற்றிப் பிறகு பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்தவை என்னை உலுக்கின. 1970-களில் கோச்சிட்டிக்கு மேலே கட்டி முடிக்கப்பட்ட பெரிய அணையால் அவ்வூரின் வயல்கள் நீர் ஊறிப் பாழாயின. சேர்ந்து விதைத்து, சேர்ந்து வாய்க்கால் வெட்டி, சேர்ந்து பேசிய வாழ்க்கை சிதைந்தது. 1990-களில் அவர்கள் தங்கள் ஊரையே கணக்கெடுத்துப் பார்த்தபோது, கெரஸ் மொழியைச் சரளமாகப் பேசுவோர் 35 வயதுக்கு மேற்பட்டோரே என்று தெரியவந்தது. ரப்பர்த் தோட்டம் துண்டாடப்பட்டுத் திசைக்கொருவராய்ப் பிரிந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, அந்த வரியை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். விழா எடுக்கவில்லை. 1996-இல் கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் திரட்டி, மொழி தெரிந்த பெரியவர்களோடு சேர்த்துவிட்டார்கள். 2012-இல் மழலையருக்காக மாண்டிசோரி முறையில் ஒரு சிறு பள்ளியைத் திறந்து, அங்கே கெரஸ் மொழியிலேயே பேசி வளர்க்கிறார்கள். இதில் வியப்பு என்னவென்றால், அவர்கள் தங்கள் மொழியை எழுதுவதில்லை. எழுதக்கூடாது என்பது சமூகத்தின் முடிவு. பாடநூல் இல்லை, பயிற்சி ஏடு இல்லை. பெரியவர் வாய் திறந்தால்தான் பிள்ளைக்கு மொழி. அந்தப் பொம்மையின் வாய் ஏன் திறந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

இங்கே சிலர் என்னோடு வாதிடலாம். "தமிழுக்கு என்ன குறை? ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பேசுகிறார்கள். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாளிதழும் வானொலியும் உள்ளன. ஒரு சிற்றூர் மொழியோடு நம்மை ஒப்பிடலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ் நாளையே அழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், இந்தப் பெருமைதான் நம்மைத் தூங்க வைக்கிறது என்பது என் கருத்து. கோச்சிட்டிக்காரருக்கு வேறு ஊர் இல்லை. தாங்கள் பேசாவிட்டால் பேச ஆளில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நாமோ, நாம் பேசாவிட்டாலும் தமிழ்நாட்டில் யாராவது பேசிக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம். கோடிப் பேர் பேசும் மொழியும் ஒரு வீட்டிற்குள் ஒரே தலைமுறையில் இறந்துவிடும். என் வீட்டில் அது பாதி நடந்துவிட்டது. உங்கள் வீட்டில்?

"அப்படியானால் கலை இரவே வேண்டாம் என்கிறாயா?" என்றும் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தேசியப் பள்ளியிலிருந்து வரும் பல மாணவர்களுக்குக் கழகத்தின் கலை இரவுதான் தமிழுக்குள் நுழையும் முதல் வாசல். புவெப்ளோ மக்களும் வருகையாளருக்கு ஆடிக் காட்டுகிறார்கள், கலங்களை விற்கிறார்கள், அதனால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. வாசலை அழகாக வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால், வாசலுக்குப் பின்னால் வீடு இருக்க வேண்டாமா? அவர்கள் வீட்டைக் கட்டிக்கொண்டு வாசலைத் திறக்கிறார்கள். நாம் ஆண்டுதோறும் வாசலுக்கு மட்டும் புதுச்சாயம் பூசுகிறோம்.

ஆகவே, நம் கழகத்தின் முன் மூன்று பரிந்துரைகளை வைக்கிறேன். முதலாவது, கலை இரவுப் பயிற்சியில் முதல் நாள் முதல் இறுதி நாள் வரை மேடைக்குப் பின்னாலும் தமிழே பேசுவோம். தமிழ் தெரியாமல் நம்மோடு சேர்ந்த நண்பர்களை ஏளனம் செய்யாமல், சொல்லிக்கொடுத்துப் பேசுவோம். 'ப்ரோப்ஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காவிட்டால் 'ப்ரோப்ஸ் எங்கே?' என்றாவது கேட்போம். இரண்டாவது, பயிற்சிக்கு நாம் செலவிடும் வாரங்களில் வாரத்திற்கு ஒரு மணி நேரத்தை மட்டும், வளாகத்திற்கு அருகிலுள்ள இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்களுக்கு ஒதுக்குவோம். தேர்வுப் பயிற்சியாக வேண்டாம். கதை சொல்வோம், கதை கேட்போம். மூன்றாவது, நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டிலோ உறவிலோ தமிழ் கைநழுவிப்போன ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்போம். முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் இது பொருந்தும். இப்போது உங்கள் வீடுகளிலேயே அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிறருக்குச் சொல்வதற்கு முன் நான் செய்ய வேண்டியதும் ஒன்று இருந்தது. அன்று மாலை ஏழு மணிக்கு விடுதிக்குத் திரும்பினோம். மலேசியாவில் அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. தம்பியை அழைத்தேன். வழக்கம்போல் அவன் மலாயில் தொடங்கினான். நான் தமிழில் பதில் சொன்னேன். "ஏன்க்கா?" என்றான், ஏதோ தவறு செய்துவிட்டவன்போல. "ஒண்ணுமில்லடா, சும்மாதான்" என்று சொல்லி, பாட்டி விடியற்காலை பால் வெட்டப் போகும்போது காட்டுப்பன்றி துரத்திய கதையைச் சொன்னேன். இரண்டு மூன்று சொற்களுக்கு அவனுக்குப் பொருள் தெரியவில்லை. கேட்டான், சொன்னேன். கதையைப் பாதியில் நிறுத்தி, மீதி அடுத்த வாரம் என்றேன். "அப்புறம் என்னாச்சுக்கா? இப்பவே சொல்லு" என்றான்.

எதிரே அமர்ந்து ரொட்டியின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்த தோழிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. அவளுக்குப் புரியாமல் நான் பேசியது அன்றுதான் முதல்முறை. அவள் சிரித்தாள்.

அன்று தொடங்கி வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு கதை சொல்லி வருகிறேன். நாடு திரும்பிய பின் எழுத்தும் தொடங்கியிருக்கிறோம்; இப்போது உயிர்மெய்யில் நிற்கிறான். இது பெரிய சாதனை இல்லை. ஒன்பது ஆண்டுக் கடனில் முதல் தவணை. தோழர்களே, அடுத்த கலை இரவில் நாம் சந்திக்கும்போது மேடையை நான் பார்க்கப் போவதில்லை. திரைக்குப் பின்னால் வந்து நிற்பேன். அங்கே என்ன மொழி கேட்கிறது என்று பார்ப்போம்.